தாத்தா எங்கே இருப்பார்?

2017 டிசம்பர். பனிமூட்டம் தில்லியை மூடிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தமிழ்க் குடும்பத்தில் ஜெபக் கூட்டம். ஆச்சியை நான்தான் கைபிடித்து அழைத்துப்போய் விட்டுவிட்டு, முடியும் நேரத்தில் போய்க் கூட்டி வந்தேன். வழி நெடுக ஆச்சி பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கம்பளிக்குள் இருந்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏட்டி, ஒந் தாத்தா இப்ப எங்கட்டி இருப்பாவ?"

ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பிரசங்கியார் அன்று நரகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். கிறிஸ்துவை ஏற்காமல் செத்தவர்கள் அத்தனை பேரும் அக்கினியில் வேகிறார்கள், அதற்கு முடிவே இல்லை என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர்களில் பலர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள். ஆச்சியால் முடியவில்லை. தாத்தா கிறிஸ்தவர் இல்லை.

திருச்செந்தூர் போகும் வழியில் ஒரு பனங்காட்டு ஊர் எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் ஒரு கிளை 19ஆம் நூற்றாண்டிலேயே வேதத்துக்கு வந்துவிட்டது. இன்னொரு கிளை குலசாமியோடு நின்றுவிட்டது. ஆனாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. தாத்தா ஆச்சிக்குத் தாய்மாமன் மகன். ஞாயிறுதோறும் ஆச்சியை வண்டி கட்டிக் கோயிலுக்குக் கூட்டிப்போவார். ஆராதனை முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அசனப் பண்டிகை வந்தால் முதல் நாள் ராத்திரியே போய்க் காய் நறுக்கி, அடுப்பு மூட்டி, அண்டா இறக்குவது வரை அவர் வேலைதான். உள்ளே மட்டும் போனதில்லை. ஞானஸ்நானமும் பெறவில்லை. 1987இல் இறந்துபோனார்.

அப்போது அங்கே இருந்த குருவானவர் துக்கம் கேட்க வந்தார். ஆச்சி அழுதுகொண்டே, அவருக்காக ஒரு ஜெபம் பண்ணுங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதருக்காக இனி ஜெபித்துப் பயனில்லை, பிள்ளைகளுக்காக ஜெபி என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அவரைக் கொடூரமானவர் என்று சொல்ல மாட்டேன். தான் கற்றதை ஒப்பித்தார். ஆனால் 30 வருடம் ஆச்சி தன் ஜெபத்தில் தாத்தாவைச் சேர்க்கவில்லை. இது அன்று இரவுதான் எனக்குத் தெரிந்தது.

நான் எந்த மதத்திலும் உறுதியாக நிற்காதவள். அதனால் சட்டென்று, "நரகமாவது ஒண்ணாவது, சாப்பிடுங்க ஆச்சி" என்றேன்.

ஆச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ இல்லைன்னு சொன்னா இல்லாமப் போயிருமாட்டி?"

அந்தப் பதில் எனக்கு உறைத்தது. என் நம்பிக்கையின்மையில் ஆச்சிக்கு ஒரு ஆறுதலும் இல்லை. ஆச்சிக்கு வேண்டிய பதில் அவருடைய வேதத்திலிருந்து வரவேண்டும். எனக்குத் தெரிந்த தொழில் மொழிபெயர்ப்பு. ஆகவே சொல்லிலிருந்து தொடங்கினேன்.

1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்தைத்தான் ஆச்சியின் சபை இன்றும் வாசிக்கிறது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் 'நித்திய ஆக்கினை' என்று வருகிறது. இந்த இரண்டு சொற்கள்தான் ஆச்சியின் தூக்கத்தைக் கெடுத்தவை. எனக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனால் ஒரு சொல்லை எப்படி விரட்டிப் பிடிப்பது என்று தெரியும். 'நித்திய' என்பதற்கு மூலத்தில் இருப்பது 'அயோனியோஸ்'. 'அயோன்' என்றால் யுகம், நம் மொழியில் ஊழி. 'ஆக்கினை' இருக்கும் இடத்தில் 'கொலாசிஸ்' என்று இருக்கிறது. தண்டனையில் இரண்டு வகை உண்டு என்று அரிஸ்டாட்டில் பிரிக்கிறார். தண்டிக்கப்படுபவனின் நன்மைக்காகத் தருவது கொலாசிஸ். தண்டிப்பவனின் ஆத்திரம் தீரத் தருவதற்கு வேறு சொல் இருக்கிறது. அப்படியானால் அந்த இரண்டு சொற்களையும் 'ஊழிக்காலத் திருத்தம்' என்றும் பெயர்க்க இடமிருக்கிறது.

இடமிருக்கிறது என்றுதான் சொல்கிறேன். இதற்கு ஒரு வலுவான மறுப்பும் உண்டு. 5ஆம் நூற்றாண்டிலேயே அகஸ்டின் கேட்டார்: அதே வசனத்தில் நீதிமான்களின் வாழ்வுக்கும் இதே 'நித்திய' என்ற அடைமொழிதானே வருகிறது? வாழ்வுக்கு முடிவில்லை என்றால் தண்டனைக்கு மட்டும் எப்படி முடிவு வரும்? நேர்மையான கேள்வி. பெரும்பாலான சபைகள் அகஸ்டின் பக்கம்தான் நின்றன, இன்றும் நிற்கின்றன.

ஆனால் முதுகலையில் தமிழ் படித்தவளுக்கு 'கொலாசிஸ்' புதிய சரக்கு இல்லை. 13ஆம் நூற்றாண்டு அருணந்தி சிவாச்சாரியார் 'சிவஞான சித்தியார்' நூலில் இதையே பேசுகிறார். சொன்னபடி கேட்காத பிள்ளையைத் தாய் தகப்பன் அதட்டுகிறார்கள், அடிக்கிறார்கள், கட்டியும் போடுகிறார்கள். அத்தனையும் பரிவுதான், இறைவனின் கோபமும் அப்படியே என்கிறார். சைவர்கள் இதற்கு ஓர் அழகான பெயர் வைத்திருக்கிறார்கள்: மறக்கருணை. தடவிக் கொடுப்பது அறக்கருணை, தண்டித்துத் திருத்துவது மறக்கருணை. சைவத்தில் நரகம் உண்டு. ஆனால் அது குடியிருப்பு அல்ல, வினை தீரும்வரை தங்கும் இடம். இந்திய மரபுகளில் நிரந்தர நரகம் அரிது. மீளவே முடியாத உயிர்களும் உண்டு என்று சொன்ன மத்வரைத்தான் விதிவிலக்காகக் காட்டுவார்கள்.

ஆச்சியிடம் போய்ச் சிவஞான சித்தியாரைச் சொன்னால், "அது ஒந் தாத்தா வேதம்" என்பார். எனவே கிறிஸ்தவத்துக்குள்ளேயே தேட வேண்டியிருந்தது. தேடியபோது ஒரு பழைய ஆறு அகப்பட்டது.

அது அலெக்சாந்திரியாவில் தொடங்குகிறது. 3ஆம் நூற்றாண்டில் அங்கே வேதம் கற்பித்த ஒரிஜன், கடைசியில் எல்லா உயிர்களும் கடவுளிடம் திரும்பிச் சேரும் என்று எழுதினார். 'அபோகடாஸ்டாசிஸ்' என்பது அதற்குப் பெயர். எல்லாம் மறுபடி சீராதல் என்று பொருள். அப்போஸ்தலர் நடபடிகள் 3ஆம் அதிகாரத்தில் வருகிற சொல்தான். 553இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பேரவையை ஒட்டி, ஒரிஜன் பெயரில் வழங்கிய கருத்துகள் கண்டிக்கப்பட்டன. ஆனால் கிட்டத்தட்ட அதே நம்பிக்கையை எழுதிய நீசா நகரத்து கிரிகோரி புனிதராகவே நிலைத்துவிட்டார். மரணப் படுக்கையில் கிடந்த தன் அக்கா மக்ரினாவோடு பேசிய பேச்சாக ஒரு நூலை கிரிகோரி எழுதியிருக்கிறார். அதில் அக்காதான் ஆசிரியர், தம்பி மாணவர். பொன்னிலிருந்து அழுக்கைப் பிரிக்கத்தான் நெருப்பு, பொன்னை அழிக்க அல்ல என்று சாகப்போகும் அக்கா சொல்லிக்கொடுக்கிறார்.

7ஆம் நூற்றாண்டில் இன்றைய கத்தார் பகுதியில் பிறந்து நினிவேயின் ஆயரான ஈசாக்கு இன்னும் ஒரு படி மேலே போகிறார். நரகம் உண்டு, அதுவும் கடவுளின் அன்பிலிருந்து வந்ததுதான், ஆகவே அது முடிவில்லாமல் இருக்க முடியாது என்கிறார். நம் கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் போற்றிவந்த சிரியாக் மொழியில் எழுதியவர் அவர். தொலைந்துபோனதாக நினைத்த அவருடைய நூலின் இரண்டாம் பாகம் 1983இல் ஆக்ஸ்போர்டு நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. 2024 நவம்பரில் போப் பிரான்சிஸ் அவரைக் கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தார். ஆச்சி அதைக் கேட்க இல்லை.

இந்த ஆறு தில்லிக்கும் வந்திருக்கிறது. காஷ்மீரி கேட்டில் தில்லித் தலைமைத் தேர்தல் அதிகாரியின் அலுவலகம் இருக்கும் பழைய கட்டடத்துக்குச் செய்திக்காகப் பலமுறை போயிருக்கிறேன். அது முன்பு செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி. 1877இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் மிஷன் 1881இல் அந்தக் கல்லூரியைத் தொடங்கியது. மிஷனுக்குத் தூண்டுதலாக இருந்த அறிஞர் வெஸ்ட்காட், இந்தியாவில் ஒரு புதிய அலெக்சாந்திரியா உருவாக வேண்டும் என்று கனவு கண்டவர். ஒரிஜனின் ஊரைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார்.

1904இல் அந்தக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தவர் சி. எஃப். ஆண்ட்ரூஸ், பிற்பாடு காந்தியின் தோழராகி 'தீனபந்து' என்று அழைக்கப்பட்டவர். தில்லியில் அவருக்குக் கிடைத்த பெரிய நட்புகளில் ஒன்று மௌல்வி ஜகாவுல்லாவுடையது. 1857க்கு முந்தைய தில்லியைக் கண்ணால் பார்த்த முதிய முஸ்லிம் அறிஞர் அவர். 1910இல் அவர் இறந்தார். ஆண்ட்ரூஸ் அவரை மறக்கவில்லை. 1929இல் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

அன்று ஆங்கிலிக்கன் சபையில் சில பண்டிகை நாட்களில் அத்தனாசியஸ் பெயரில் வழங்கும் விசுவாச அறிக்கையைச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த விசுவாசத்தைக் காத்துக்கொள்ளாதவன் நித்தியமாகக் கெட்டுப்போவான் என்று அதில் வருகிறது. குருவானவரான ஆண்ட்ரூஸின் நாக்கு அந்த இடத்தில் தடுமாறியது. இந்து, முஸ்லிம் நண்பர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர் அடுத்த நாள் பீடத்தில் நின்று அதை எப்படிச் சொல்வார்? 1914இல் அவர் குருத்துவப் பணியை விட்டுவிட்டு சாந்திநிகேதனுக்குப் போனார். கிறிஸ்துவை விடவில்லை. 1932இல் எழுதிய தன் வரலாற்றில் இந்த மனப் போராட்டத்தைச் சொல்லியிருக்கிறார். காரணங்கள் பல இருந்தன. ஆனால் ஜகாவுல்லாவின் முகமும் அதில் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆச்சிக்கு வேப்பமரத்தடி எப்படியோ, ஆண்ட்ரூஸுக்குத் தில்லியின் அந்தப் பழைய வீடு அப்படி.

இதையெல்லாம் ஆச்சியிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரிஜனும் கிரிகோரியும் அவருக்கு யாரோ. ஆண்ட்ரூஸ் ஒரு வெள்ளைக்காரர். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது சாது சுந்தர் சிங் பெயரைச் சொன்னபோதுதான். காவி அங்கியும் தலைப்பாகையுமாக சாதுவின் படம் ஆச்சியின் டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருந்தது. 1918இல் சாது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பயணம் செய்தார். தென்மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளில் அவர் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு.

பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் 1889இல் பிறந்தவர் சாது. பக்தியே உருவான அம்மா. மகன் சாதுவாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். மகனுக்குப் 14 வயது இருக்கும்போது இறந்துபோனார். கிறிஸ்துவை அறிவிக்காமலும் ஏற்காமலும் இறந்த அம்மா. மகன் 1905இல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமியும் ஸ்ட்ரீட்டர் என்ற ஆங்கிலேயரும் ஆக்ஸ்போர்டில் சாதுவோடு பேசிப் பழகி 1921இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். மரணத்துக்குப் பிறகும் கடவுளின் அன்பு ஓய்வதில்லை, நரகத்திலும் அது வேலை செய்கிறது என்பது சாதுவின் நம்பிக்கை. இதற்காக அவர் மேல் குறைசொன்னவர்களும் உண்டு. அம்மாவைப் பற்றி அவர் சொன்னதுதான் என்னை நிறுத்தியது. பரலோகத்தில் அம்மாவைப் பார்க்க முடியாவிட்டால், என்னையும் நரகத்துக்கே அனுப்பும், அவளோடு இருக்கிறேன் என்று கடவுளிடம் கேட்பேன் என்றாராம்.

"அப்படியா சொன்னாவ சாது?" என்றார் ஆச்சி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "சாதுவா சொன்னாவ?"

தமிழருக்கு இந்தக் குரல் பழக்கமானது. திருக்கோட்டியூர் கோபுரத்தில் ஏறி நின்று ரகசிய மந்திரத்தை ஊருக்கே சொன்ன ராமானுஜரைப் பற்றி வைணவர்கள் சொல்வது இதுதானே? எல்லோரும் கரையேறுவார்கள் என்றால் நான் ஒருவன் நரகம் போகலாம் என்றார். மகாபாரதத்தின் கடைசியில் தம்பிகள் இல்லாத சொர்க்கம் வேண்டாம் என்று தருமர் நரகத்திலேயே நின்றார். எல்லோருக்கும் மீட்பு உண்டு என்ற எண்ணம் தர்க்கத்தில் மட்டும் பிறந்ததல்ல. நான் மட்டும் நல்லபடியாக இருந்தால் போதுமா என்று யாரோ ஒருவர் தாங்க முடியாமல் கேட்டதில் பிறந்தது.

எல்லோருக்கும் என்றால் எல்லோருக்குமா? இந்தக் கேள்வியைத் தில்லியில் இருந்துகொண்டு தவிர்க்க முடியாது. மயூர் விஹாரை ஒட்டினாற்போல் இருக்கிறது திரிலோக்புரி. 1984 அக்டோபர் 31இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டதை அடுத்த நாட்களில் சீக்கியர்கள் தெருவில் எரிக்கப்பட்ட இடம். தில்லியில் மட்டும் இறந்தவர்கள் 2,733 பேர் என்பது அரசுக் கணக்கு. 2018 டிசம்பர் 17இல் தில்லி உயர் நீதிமன்றம் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது, செய்தி சேகரிக்கத் திலக் விஹாருக்குப் போனேன். கணவரை இழந்த பெண்களுக்கு அரசு வீடு கொடுத்த பகுதி அது. 34 வருடம் காத்திருந்தவர்களிடம் போய், கொன்றவனுக்கும் ஒருநாள் மோட்சம் உண்டு என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லவில்லை. ஒரு முதிய பெண்மணியிடம், கொன்றவர்களுக்கு என்ன நேர வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர்கள் எங்கே போவார்கள் என்பது வாஹே குருவின் காரியம், தனக்கு வேண்டியது வேறு என்றார். தாங்கள் செய்தது என்ன என்பதை அவர்கள் முழுசாக உணர வேண்டும், அதுவும் தன் கண்ணெதிரில், முகத்தைத் திருப்பிக்கொள்ள வழியில்லாமல்.

பஸ்ஸில் திரும்பும்போது மக்ரினாவின் பொன்னும் நெருப்பும் நினைவுக்கு வந்தன. அந்தப் பழைய ஆசிரியர்கள் யாரும் நெருப்பே இல்லை என்று சொல்லவில்லை. யாரும் தப்ப முடியாத நெருப்பு அது. ஒருவன் தன் செயலை, தான் அழித்தவர்களின் கண்வழியே பார்த்து முடிக்கும்வரை அணையாது. அவர்கள் மறுத்தது ஒன்றைத்தான்: திருத்தும் நோக்கம் எதுவும் இல்லாமல், எரிப்பதற்காகவே எரிக்கும் நெருப்பை. அந்தப் பெண்மணி கேட்டதும் பழி அல்ல, உண்மை. உண்மையைத் தாண்டிக் குதித்துக் கிடைக்கும் மீட்பு மலிவான சரக்கு. எனக்கு அது வேண்டாம். மன்னிக்கச் சொல்லும் உரிமையும் எனக்கில்லை.

அன்று ராத்திரி ஆச்சியிடம் இதைச் சொன்னேன். ஆச்சி நெடுநேரம் சும்மா இருந்தார். பிறகு ஆட்டைப் பற்றிப் பேசினார். ஆச்சி ஆடு வளர்த்தவர். நூறு ஆட்டில் ஒன்று தொலைந்து மேய்ப்பன் தேடிப் போகும் உவமை லூக்காவில் இருக்கிறது. எத்தனை நாள் தேடினான் என்று அதில் கெடு எதுவும் இல்லை; கிடைக்கும்வரை தேடினான்.

"ஆடு காணலைன்னா பொழுது சாஞ்சிட்டேன்னு வீட்டுக்கு வந்து படுத்துருவியா நீ? சாவுன்னா என்ன, பொழுது சாயுததுதான? மேய்ப்பருட்ட ஒரு டார்ச் லைட்டு இருக்காதாட்டி?"

எத்தனையோ புத்தகம் புரட்டியும் எனக்கு இப்படிச் சொல்ல வரவில்லை.

விளக்கை அணைத்த பிறகு ஆச்சி வழக்கம்போல ஜெபம் பண்ணினார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், நோயாளிகள், தில்லிக் குளிரில் தெருவில் கிடப்பவர்கள் என்று வரிசையாக வந்தது. கடைசியில் ஒரு பெயர். எனக்கு முதலில் யாரென்றே விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறைப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தாத்தாவின் பெயரை ஆச்சி சொல்லி அன்றுதான் கேட்டேன்.

2019 செப்டம்பரில் ஆச்சி போய்விட்டார். அவர் ஆசைப்படி ஊருக்குக் கொண்டுபோய்க் கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். தாத்தாவை எரித்த இடம் சுவருக்கு அந்தப் பக்கம், பனைகளைத் தாண்டி. இந்தப் பக்கத்தில் அவருக்கு இடமில்லை. தமிழ் படித்தவள் என்பதால் கல்லறையில் பொறிக்கும் வாசகத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. வசனம், பிறப்பு, இறப்பு எல்லாம் எழுதிவிட்டு, 'இன்னாரின் மனைவி' என்று தாத்தாவின் பெயரையும் சேர்த்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லாக் கல்லிலும் அப்படித்தானே எழுதுவார்கள்.

தாத்தா இப்போது எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியாது. அகஸ்டினின் கேள்விக்கு என்னிடம் பதிலும் கிடையாது. ஆனால் வேப்பமரத்தடியில் அத்தனை வருடம் காத்துக் கிடந்தவரின் பெயராவது சுவருக்கு உள்ளே வந்துவிட்டது. அதை எழுதும்போது என் கை நடுங்கவில்லை.